முக்கியமாக ஓட்டுபவர்

லேபில் அவளுக்கு ஆமை என்று பெயர். கிளினிக்குகளிலிருந்து ரத்த சாம்பிள்களைப் பைக்கில் கொண்டுவரும் ஆறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே பிரேக் பிடிக்கிறவளும் அவள் ஒருத்திதான். மற்ற ஐந்து பேரும் பெட்டியை இறக்கி, டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் அவள் வண்டிச் சத்தம் கேட்கும். "ஆமை வந்தாச்சு, இனிமே கேட்டைப் பூட்டலாம்" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. பத்தொன்பது வயதில் ஒன்பது மாதமாக இந்த வேலை பார்க்கிறாள். ஒரு குழாய்கூட உடைந்ததில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் வரை வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் லேபின் கீழ்த்தளத்தில் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சித்தப்பா போன் செய்தார். அப்பாவின் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"இல்ல. ஏன் சித்தப்பா?"

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு கம்பெனியிலருந்து விசாரணைக்கு ஆள் வர்றாங்க. வீட்டுக்கே வர்றாங்களாம். அப்பாவோட வாக்குமூலம் வேணுமாம்."

"அப்பாவோடதா? ஓட்டினது நான்தானே?"

"பேப்பர்ல அப்பாதானே!" என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து பக்குவமா சொல்றேன். அதுவரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதே."

பேப்பரில் தான் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட அதுதான் மோசம்.

நடந்தது இதுதான். லேபில் வேலை வேண்டுமென்றால் சொந்தமாக வண்டி இருக்க வேண்டும். அவள் ஒரு பழைய பைக்கைப் பார்த்து வைத்தாள். அவள் உயரத்துக்கு சீட்டை இரண்டு விரல்கடை தாழ்த்த வேண்டியிருந்தது, மற்றபடி நல்ல வண்டி. அப்புறம் இன்சூரன்ஸ் விலை கேட்டாள். பத்தொன்பது வயது, லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, தினமும் வேலைக்கு ஓட்டப்போகிறாள் என்று சொன்னதும், ஒரு வருடத்துக்கு அவர்கள் கேட்ட பிரீமியம் பைக்கின் விலையைவிட அதிகமாக இருந்தது. தப்பாக அச்சாகிவிட்டதோ என்று இன்னொரு கம்பெனியில் கேட்டாள். அங்கே அதைவிட அதிகம். மூன்றாவது இடத்தில், "இருபத்தஞ்சு வயசானதும் வாங்கம்மா, பாதியாயிடும்" என்றார்கள், ஏதோ அடுத்த வாரம் வரச் சொல்வதுபோல.

சித்தப்பாதான் வழி சொன்னார். "வண்டியை அப்பா பேர்ல போடு. படிவத்துல 'முக்கியமாக ஓட்டுபவர்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல அப்பா. நீ 'எப்போதாவது ஓட்டுபவர்'. உபயோகம், சொந்த வேலை. முடிஞ்சது. இருபத்துநாலு வருஷம் பஸ் ஓட்டுறார், ஒரு விபத்து கிடையாது. அவர் பேரைப் பார்த்தா கம்பெனிக்காரன் மாலை போடுவான்." பிரீமியம் நாலில் ஒரு பங்காக இறங்கியது.

"அப்பா ஒத்துக்க மாட்டார் சித்தப்பா."

"அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கையெழுத்து போதும்."

டிப்போ வாசலில், இரண்டு டிரிப்புக்கு நடுவே, பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பா கையெழுத்துப் போட்டார். தம்பி நீட்டிய தாள் என்பதால் படிக்கவில்லை. "எங்கெல்லாம்?" என்று கேட்டார். "மூணு இடத்துல அண்ணா" என்றார் சித்தப்பா. அவள் பக்கத்திலேயே ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தப் படிவத்தைப் படித்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினோரு நாளைக்கு முன்னால் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹார்ட்வேர் கடைகள் இருக்கும் குறுகலான தெருவில், சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் தெருவில் கால் வைத்தார். அவள் வேகமாக வரவில்லை. ஆனால் பிரேக் பிடித்த இடத்தில் எண்ணெய் கொட்டியிருந்தது. வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு சாய்ந்தது. ஹேண்டில்பார் அவர் வலது கையை வேனின் பக்கவாட்டில் வைத்து அழுத்தியது. அந்தச் சத்தம் அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. அந்த ஆள் கத்தவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அடடா" என்றார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. அந்தத் தெருவிலேயே சாவி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறவர். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்துவிட்டது.

அவரைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நீ போய் அழுதேன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பா வந்தார். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை முடித்து அப்போதுதான் வந்து, கால்களை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். சித்தப்பா முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார், பிறகு டயர் விலையைப் பற்றி. அம்மாதான் கேட்டாள். "எதைச் சொல்றதுக்கு இப்படிச் சுத்தி வர்றீங்க?"

அப்புறம் சித்தப்பா சொன்னார். பக்குவமெல்லாம் ஒன்றும் வரவில்லை. மென்று விழுங்கி, நாலைந்து வாக்கியத்தில் கொட்டிவிட்டார்.

அப்பா மகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்ப்பா."

"நான் கையெழுத்துப் போடும்போதே?"

"தெரியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணா, இது எல்லாரும் பண்றதுதான்," என்றார் சித்தப்பா. "நாளைக்கு நீங்க சொல்ல வேண்டியது ரெண்டே விஷயம். வண்டியில டிப்போவுக்குப் போறது நீங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இவ அவசரத்துக்கு எடுத்துட்டுப் போனா. அவ்வளவுதான். மணிக்கட்டு கேஸ் அண்ணா, சின்னது. லேப் வரைக்கும் யாரும் தோண்ட மாட்டாங்க."

"தோண்டினா?" என்றாள் அம்மா.

"மாட்டாங்க அண்ணி."

"தோண்டினா என்ன ஆகும்னு கேட்டேன். பொய் வாக்குமூலம் கொடுத்தவரை பஸ்ஸுல உட்கார வைப்பாங்களா?"

சித்தப்பா கையைப் பிசைந்தார். "உண்மையைச் சொன்னா இப்பவே என் ஏஜென்ட் லைசென்ஸ் போயிடும் அண்ணி. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு. பாலிசியை ரத்து பண்ணுவாங்க. அந்தச் சாவிக்காரருக்குக் கொடுக்கிறதை மொத்தமா நம்மகிட்ட வசூல் பண்ணுவாங்க. இவ பேர் கம்ப்யூட்டர்ல ஏறிடும். அப்புறம் எந்தக் கம்பெனியும் இவளுக்கு ஒழுங்கான விலை சொல்லாது."

அப்பா மறுப்பார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு சின்ன டிப்போ விசாரணையில், கூட வேலை பார்ப்பவருக்காக ஐந்து நிமிடத் தாமதத்தைக்கூட மாற்றிச் சொல்லாதவர் அவர். அதனால் சக டிரைவர்கள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இப்போதும் அப்படித்தான் எழுந்து நிற்பார், தம்பியை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தாள்.

"சரி," என்றார் அப்பா. "நான் பாத்துக்கறேன்."

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இரவு முழுக்கக் கண் மூடவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, "பத்து மணிக்குள்ள வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். சாவிக்காரரைப் பார்க்கத்தான் போனாள். அப்பா தனக்காகப் பொய் சொல்லப்போகிறார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

கடை ஒரு அலமாரி அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கி முழுக்க வெட்டாத சாவிகள். அவர் வலது கை கட்டுக்குள் மார்போடு தொங்கியது. இடது கையால் ஒரு சாவியை மெஷினின் பிடியில் வைத்து, தாடையால் நெம்புகோலை அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"வாம்மா," என்றார், அவளை உடனே அடையாளம் கண்டு. "உனக்கு ஒண்ணும் அடிபடலையே?"

"என்னை மன்னிச்சுடுங்க ஐயா. முன்னாடியே வந்திருக்கணும்."

"நான் வேனுக்குப் பின்னாடியிருந்து பார்க்காம கால் வெச்சேன். பாதித் தப்பு என்னுது. வலது கைதான் கெட்டுப்போச்சே தவிர வாய் கெட்டுப்போகலை. அதையேதான் நேத்து வந்த மேடத்துகிட்டயும் சொன்னேன்."

"எந்த மேடம்?"

"இன்சூரன்ஸ் மேடம். இங்கேதான் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து எல்லாம் எழுதிக்கிட்டாங்க." அவர் முகம் மலர்ந்தது. "உன்னைப் பத்தி நல்லாச் சொல்லியிருக்கேன், கவலைப்படாதே. அந்தப் பொண்ணு சின்ன வயசுதான், ஆனா வேகமா ஓட்டுற ஜாதி இல்லைன்னு சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. எப்படித் தெரியுமா? ஒரு நாளைக்கு மூணு தடவை என் கடை வாசல்ல போகுது, காலைல, மத்தியானம், சாயங்காலம், எட்டொன்பது மாசமா பார்க்கிறேன், பின்னாடி அந்த வெள்ளைப் பெட்டி, ஒரு நாள்கூட விரட்டி ஓட்டினதில்லைன்னேன். ஒரு வரி விடாம எழுதிக்கிட்டாங்க."

அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நல்ல மனிதர் அவளைக் காப்பாற்றச் சொன்னது எல்லாம் அங்கே எழுத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. எட்டொன்பது மாதம். வெள்ளைப் பெட்டி. அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் இப்போது அப்பாவின் எதிரில் உட்காரப்போகிறாள். 'அன்றைக்கு ஒரு நாள் மட்டும்' என்று அப்பா சொல்வார். சொன்னதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போடுவார்.

"என்னம்மா, ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? தப்பா எதாவது சொல்லிட்டேனா?"

"இல்ல ஐயா. நல்லதுதான் சொல்லியிருக்கீங்க. நான் அப்புறமா வர்றேன்."

தெருவுக்கு ஓடி வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்காரும்போது போனை அணைக்கிற பழக்கம் அவருக்கு எல்லா முக்கியமான வேலைக்கும் வந்துவிட்டிருந்தது. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். சலவைப் பிரிவில் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். மணி ஒன்பது பத்து. பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு இன்னும் மூன்று தெரு இருக்கையில், ஒரு சந்திப்பில் லாரி ஒன்று குறுக்கே நின்று இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தது. பஸ் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். அவர் உடனே எடுத்தார்; வீட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஏஜென்ட் விசாரணையின்போது உள்ளே இருக்கக் கூடாதாம்.

"அந்தம்மா அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க. உள்ளதான் இருக்காங்க. நீ எங்கே?"

"சித்தப்பா, நீங்க உடனே உள்ள போய் அப்பாவை நிறுத்துங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். சாவிக்காரர் நேத்தே சொல்லிட்டார். தினமும் மூணு தடவை நான் போறதை எழுதி வாங்கியிருக்காங்க."

மறுமுனையில் டீ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"சித்தப்பா!"

"நீ எதுக்கு அவரைப் பார்க்கப் போனே?"

"அதை அப்புறம் திட்டுங்க. உள்ள போங்க!"

"இரு, இரு, பதறாதே." அவர் யோசிப்பது மூச்சில் கேட்டது. "அது ஒரு கடைக்காரர் பேச்சு. ஆள் மாத்திப் பார்த்திருக்கலாம், ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு தெரியும்? அப்பா கையெழுத்துப் போட்டுட்டா அதுதான் ரெக்கார்டு. நீ வந்து எதையும் கெடுத்துடாதே."

"அப்பாவுக்கு வேலை போயிடும்!"

"உண்மையைச் சொன்னா எனக்குப் போயிடும்," என்றார் சித்தப்பா. குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை.

அவள் எழுந்து டிரைவரிடம் போனாள். அப்பாவோடு வேலை பார்ப்பவர்தான். "அண்ணா, கதவைத் திறங்க, நான் இறங்கணும்."

"ஸ்டாப் இல்லாத இடத்துல திறக்கக் கூடாது பாப்பா. உங்க அப்பா மகளா இருந்துக்கிட்டு நீயே கேட்கலாமா?" என்று சிரித்தவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

ஓடினாள். மூன்று தெரு. ஆமை என்று பேர் வைத்தவர்கள் யாரும் அன்று அவளைப் பார்க்கவில்லை. ஒரு செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். விலா குத்தியது. வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போது பத்து மணி ஐந்து.

வாசலில் சித்தப்பா வழியை மறித்தார். அவள் முழங்கையைப் பிடித்தார். அழுத்திப் பிடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை.

"கண்ணு, ஒரு அஞ்சு நிமிஷம். முடியப்போகுது. அஞ்சே நிமிஷம் இங்கே நில்லு."

சிறுவயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர் அவர். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். அவரும் பயந்துதான் போயிருந்தார், அவளைவிட அதிகமாக. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேஜையில் அப்பா டூட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, பக்கத்தில் மடித்து வைத்த குடை. அவள் முன்னால் இரண்டு தாள்கள், கையால் எழுதியவை. தான் எழுதியதை ஒரே சீரான குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'...மேற்படி வாகனத்தைப் பணிக்குச் செல்ல நானே பயன்படுத்துகிறேன். என் மகள் சம்பவ நாளன்று ஒரு முறை மட்டுமே அதை ஓட்டினாள்.' நீங்க சொன்னது இதுதானே சார்?"

"ஆமா," என்றார் அப்பா.

"சரியா இருந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் கீழே கையெழுத்துப் போடுங்க."

முதல் தாளில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அப்பா இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். பேனா தாளைத் தொட்டுவிட்டது.

"அப்பா, போடாதீங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் ஒரு காலில் செருப்போடும், இன்னொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும் நின்றாள். மூச்சு வாங்கியது.

"நீ வெளியே இரு பாப்பா."

"போடாதீங்கப்பா. அது உண்மை இல்லை. வண்டியை தினமும் ஓட்டுறது நான்தான். லேப் வேலைக்கு. ஒன்பது மாசமா. நீங்க அதுல ஒரு நாள்கூட ஏறினது கிடையாது."

"பாப்பா!"

"அவங்களுக்குத் தெரியும்ப்பா," என்றாள். "நேத்தே சாவிக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க."

அப்பா அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை; வேலை பார்க்கிறவளின் களைப்பு மட்டும்தான் இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட எழுதி வாங்கினீங்களா?" என்றார் அப்பா மெதுவாக.

"கேள்வி கேட்கிறதுதான் சார் என் வேலை. பதிலை எடுத்துக் கொடுக்கிறது என் வேலை இல்லை." அவள் இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அடியில் ஒரு சின்ன மைப்புள்ளி மட்டும் விழுந்திருந்தது. "கையெழுத்து இல்லாத வரைக்கும் இது நான் எழுதின குறிப்பு. கையெழுத்து இருந்திருந்தா உங்க வாக்குமூலம். அப்படின்னா இன்னைக்கு மத்தியானம் இது எங்க வக்கீல்கிட்ட போயிருக்கும்."

"முதல் பக்கத்துல போட்டுட்டேனே."

அந்த அம்மாள் முதல் தாளை எடுத்துப் பார்த்தாள். பெயர், வயது, முகவரி, வேலை, லைசென்ஸ் எண். "இதுல இருக்கிறதெல்லாம் உண்மைதான்," என்றாள். பிறகு இரண்டாவது தாளைக் குறுக்கே அடித்து, 'கையொப்பமிடப்படவில்லை' என்று எழுதி, கோப்புக்குள் வைத்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள். "உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு."

அவள் சொன்னாள். கேட்ட விலைகள், தாழ்த்திய சீட், மூன்று கட்டங்கள், பஸ் படிக்கட்டில் போட்ட கையெழுத்து. எழுதும் பேனாவின் சத்தத்துக்கு நடுவே தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"படிவத்தைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா சார்?"

"படிக்காம போட்டது என் தப்பு," என்றார் அப்பா.

"அப்பாவுக்கு நேத்து வரைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்," என்றாள் மகள். "அதை எழுதிக்குங்க மேடம்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். "படிவத்தை நிரப்பினது யாரு?"

ஜன்னலுக்கு வெளியே சித்தப்பாவின் தோள் தெரிந்தது. தன் தப்பைச் சொல்வதில் ஒரு வேகம் இருந்தது. அந்த வேகம் இங்கே வந்து நின்றுவிட்டது. சித்தப்பாவின் இரண்டு பிள்ளைகளும் கண் முன்னால் வந்தார்கள்.

"ஏஜென்ட்," என்றாள் கடைசியாக.

"ஏஜென்ட் உங்களுக்கு யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார். "என் தம்பி."

ஜன்னலில் தெரிந்த தோள் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை தலையைத் திருப்பாமல் இருந்தார். பிறகு புதுத் தாளை வாங்கி, ஒரு வரி விடாமல், விரலை வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் போன பிறகும் மகள் அறுந்த செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"என் தம்பியை நானே காட்டிக் கொடுத்துட்டேன்," என்றார் அப்பா.

"நான்தான்ப்பா சொல்ல வெச்சேன்."

"ஆமா," என்றார். "நீதான்." அதில் கோபம் இருந்தது. நன்றியும் இருந்திருக்கலாம், அன்றைக்கு அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "போய் முகம் கழுவு. எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி."

அடுத்த வாரம் அப்பாவே டிப்போ மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். மேனேஜர் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பாலிசியை ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ரத்து செய்தார்கள். சாவிக்காரருக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. அந்தத் தொகையை மாதத் தவணையாக அவர்களிடம் வசூலித்தது. பைக்கை விற்றாள், அந்தப் பணம் ஐந்து தவணைக்கு வந்தது. லேபில் இன்சூரன்ஸ் இல்லாதவளுக்குப் பைக் வேலை கிடையாது என்று சொல்லி, சாம்பிள் வாங்கும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். சம்பளம் குறைந்தது. மீதித் தவணையை அவள் அதிலிருந்துதான் கட்டுகிறாள், அப்பாவிடம் வாங்கவில்லை.

சித்தப்பாவின் ஏஜென்சி போய்விட்டது. ஒரு டயர் கிடங்கில் கணக்கு எழுதப் போகிறார். ஐந்து மாதம் அவர் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. சித்தி வழியில் பார்த்தால்கூட மறுபக்கம் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்து வாசலில் நின்றார். அப்பா, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். "இல்ல" என்றார். அம்மா இன்னொரு தட்டு வைத்தாள். கிரிக்கெட் பேசினார்கள். போகும்போது சித்தப்பா அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலச் செருப்பை மாட்டினார். அதற்கு இன்னும் நாளாகும்.

போன மாதம் லேப் லாக்கர் சாவி ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. அவள் தானே கேட்டு வாங்கிக்கொண்டு ஹார்ட்வேர் தெருவுக்குப் போனாள். சாவிக்காரரின் கட்டை அவிழ்த்து நாளாகியிருந்தது. அவர் வலது கையாலேயே சாவியை மெஷினில் பொருத்தினார். மணிக்கட்டு ஒரு அளவுக்கு மேல் திரும்பவில்லை. உடம்பையும் சேர்த்துத் திருப்பினார்.

"என்னம்மா, இப்ப இந்தப் பக்கம் வண்டியையே காணோம்?"

"வித்துட்டேன் ஐயா. இப்ப கவுன்டர் வேலை."

"ஏன்? அந்தப் பயத்துலயா?"

"இன்சூரன்ஸ் கட்டுப்படியாகலை. போன வாரம்கூட விலை கேட்டேன். முன்னாடி சொன்னதைவிட ஒன்றரை மடங்கு சொல்றாங்க."

"உனக்கா?" அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "நீ ஓட்டுற ஓட்டத்துக்கா? அந்த மேடத்துகிட்ட அவ்வளவு தூரம் சொன்னேனே. நான் சொன்னது எதுக்குமே உதவலையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்பா காலையில் ஐந்தரை மணி டூட்டிக்கு எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது.

"உதவிச்சு ஐயா," என்றாள். "ரொம்பவே."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. மெஷினை மறுபடி ஓட்டினார். வெட்டிய சாவியை ஊதி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பழைய சாவியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு பல் சரியில்லை என்று மறுபடியும் பொருத்தினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.